என் கை ஆடத்தான் செய்யும், அம்மா

தறிச் சத்தத்திலும் என் உதட்டைப் பார்த்தே நான் சொல்வதையெல்லாம் வாங்கிக்கொண்ட என் தங்க அம்மாவுக்கு,

நாளைக் காலை எனக்குப் பிளஸ் டூ உயிரியல் பரீட்சை. தாவரவியல் திருப்பியாகிவிட்டது. விலங்கியலில் மரபியல் பாடம் மட்டும் இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்கு உட்காருமுன் போன மாதம் நடந்த ஒரு சங்கதியை உனக்குச் சொல்லியாக வேண்டும். அப்பாவும் நானும் ஒரே பக்கம் நின்று பிரின்சிபால் அறையில் சண்டை போட்டோம். ஆமாம், அப்பாதான். நீ நம்ப மாட்டாய்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இரண்டு பேச்சு. தறி நின்றால் வாயால், ஓடினால் கையாலும் உதட்டாலும். நூல் அறுந்தால் இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டுவாய். முதலாளி வந்தால் அப்பா மீசையை முறுக்கிக் காட்டுவார். கணக்கையும் இயற்பியலையும் நான் எழுதிப் பார்த்துப் படிப்பேன். உயிரியல் மட்டும் உனக்குச் சொல்கிற பாடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் தறிக்கு எதிரே நின்று ஒப்பிப்பேன். டி.என்.ஏ. என்றால் இரண்டு விரலைப் பின்னிக் காட்டுவேன். செல் பிரிந்தால் கூப்பிய கையை மெல்லப் பிரிப்பேன். கருவுறுதலுக்கு நான் காட்டிய சைகையைப் பார்த்து நீ வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். அப்புறம், மறுபடி சொல்லு என்று கண்ணால் கேட்டாய்.

ஐந்தாவதோடு நின்றுவிட்ட உனக்குப் பாடத்தில் ஒன்றும் விளங்கியிருக்காது. என் உதடு எங்கே திக்குகிறது என்பது மட்டும் தெரியும். திக்கினால் போதும், கையைத் தூக்கி ஆட்டிவிடுவாய். போய்ப் படித்துவிட்டு வா என்று அர்த்தம். எத்தனை கெஞ்சினாலும் விட மாட்டாய். அந்தக் கறார் எந்த டியூஷனில் கிடைக்கும்?

போன ஐப்பசியில் உனக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாட்டிய பிறகு உன்னால் பேச முடியவில்லை. நீ கையால் கேட்டதெல்லாம் அங்கிருந்த நர்சுக்குப் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறாள், காலை நீட்டிவிடச் சொல்கிறாள் என்று நான்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். நர்சிங்தான் படிப்பேன் என்று அந்த வார்டில் நின்றுதான் முடிவு செய்தேன். அதற்கு இந்த உயிரியல் மார்க் வேண்டும். உன் தறியை இப்போது வேறொரு அக்கா ஓட்டுகிறாள். நான் சமையலறைச் சுவரைப் பார்த்து ஒப்பிக்கிறேன். சுவர் கையை ஆட்டுமா?

வம்பு கடைசித் திருப்புதல் தேர்வில் வந்தது. டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கிறது என்று ஐந்து மார்க் கேள்வி. யோசிக்கும்போது என் இடது கை தானாக ஆடியிருக்கிறது, உதடும் அசைந்திருக்கிறது. என் நேரம், இரண்டு பெஞ்ச் தள்ளி இருந்த என் சிநேகிதி நந்தினி அந்தச் சமயம் பார்த்துத் தலையைத் தூக்கினாள். கண்காணிப்புக்கு வந்தவர் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த சார். தறிப்பட்டறைக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். சைகையில் விடை சொல்கிறேன் என்று எங்கள் இருவர் பேப்பரையும் பிடுங்கிக்கொண்டார்.

பிரின்சிபால் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சைகை காட்டி விடை சொன்னேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதி, அப்பாவின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. நந்தினி அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். "ரெண்டு வரிதான புள்ள, எழுதிக் குடுத்துப்போட்டு வேலயப் பாரு" என்று எனக்கும் புத்தி சொன்னாள்.

எழுதியிருக்கலாம். ஆனால் நீயே சொல் அம்மா, அதை எழுதினால் என்ன அர்த்தம்? தறிக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானும் நின்று படித்ததெல்லாம் திருட்டு என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? செய்யாத தப்புக்கு நான் தலை குனிவதே அதிகம். அதில் உன்னையும் சேர்த்துக் குனியவைப்பேனா? முடியாது சார் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா கையெழுத்துப் போடத்தான் வந்தார். முதலாளி கூலியைக் குறைத்தாலும் செரிங்க என்று சொல்கிற மனுஷன்தானே. பஸ்ஸில் வழியெல்லாம் என்னைக் கெஞ்சினார். உன் அம்மா இருந்திருந்தால் எப்படியாவது உன்னைப் பரீட்சை எழுதவைக்கத்தான் பார்த்திருப்பாள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதிலும் நியாயம் இருந்ததே. நான் பிடிவாதத்தில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறேனோ என்று பயமாகக்கூட இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

அறைக்குள் அவர் ஆமாங்க என்று சொன்னதே ஊருக்குக் கேட்டிருக்கும். எதற்குச் சத்தம் போடுகிறீர்கள் என்றார் பிரின்சிபால். பட்டறைக் காதுங்க, மெதுவாகப் பேச வராதுங்க என்று அப்பா குழைந்தார். என் சார்பில் அவரே எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஒரு தாளை நகர்த்தினார்கள். அப்பா பேனாவையும் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் ஆத்தூர் சார் கேட்டார், "இந்தத் திருட்டுப் பாஷைய இவளுக்கு யாரு கத்துக் குடுத்தது?"

அப்பா கை அப்படியே நின்றது.

"அவங்கம்மாங்க" என்றார். பேனாவை மேசைமேல் வைத்தார். "திருட்டுன்னு சொல்லாதீங்க சார். நாங்க பொழைக்கறதே அந்தப் பாஷைலதானுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

நம் அப்பா, அம்மா. இருபது வருஷம் குடித்தனம் நடத்திய உனக்கே அந்தக் குரலைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த அறையில் இருந்த எங்கள் உயிரியல் மிஸ்தான் ஒரு வழி சொன்னார். என்னைத் தனியாக லேபில் உட்காரவைத்தார். துணைக்கு அங்கே ஓர் எலும்புக்கூடு மட்டும். பிடுங்கிய பேப்பரில் நான் தொடாத கேள்விகளாகப் பார்த்துக் கொடுத்தார். ஆத்தூர் சார் வாசலிலேயே நின்றார். நான் எழுத எழுத என் இடது கை அது பாட்டுக்கு ஆடியது. எலும்புக்கூட்டுக்கு விடை சொல்லிக் கொடுத்து எனக்கு என்ன லாபம்? சார் பேப்பரை வாங்கிப் படித்தார், என் கையைப் பார்த்தார், இது பழக்கம்தான் போல என்று பிரின்சிபாலிடம் முனகிவிட்டுப் போனார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. போகட்டும். நானும் கேட்கவில்லையே. ஹால் டிக்கெட் கைக்கு வந்துவிட்டது.

பிரின்சிபால் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினார். பொதுத்தேர்வுக்கு வேறு பள்ளி ஆசிரியர்கள் வருவார்கள், பறக்கும் படை வரும், அவர்களிடம் உங்கள் தறிக் கதை எடுபடாது, கையை அடக்கிக்கொண்டு எழுது என்றார். மனுஷன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அடக்கிப் பார்த்தேன். மற்ற பரீட்சைகளில் தொந்தரவே இல்லை. உயிரியலுக்குத்தான் ஆகவில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். டி.என்.ஏ. பாதியில் நின்றுவிட்டது. கையை எடுத்ததும் மளமளவென்று வந்தது. என்ன செய்வது, நீ பாடத்தை என் மண்டையில் வைக்காமல் கையில் வைத்துவிட்டாய்.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். நாளைக்குக் கேள்வித்தாள் கொடுக்குமுன் எழுந்து நின்று சொல்லிவிடுவேன். சார், நான் தறிக்காரர் மகள், யோசித்தால் என் கை ஆடும், யாருக்கும் விடை சொல்லவில்லை, சந்தேகம் இருந்தால் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்ளுங்கள் என்பேன். பறக்கும் படை வந்தாலும் இதே பேச்சுதான். பேப்பரைப் பிடுங்கினால்? பிடுங்கிப் பார்க்கட்டும். அப்பாவுக்கு இப்போது குரல் வந்துவிட்டது, எனக்கு அது பிறவியிலேயே உண்டு.

உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், யாருக்குப் பயந்தும் நான் கையைக் கட்ட மாட்டேன். நாளை அந்த ஹாலில் மற்றவர்களெல்லாம் பரீட்சை எழுதுவார்கள். நான் உனக்கு ஒப்பிக்கப் போகிறேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிரு அம்மா, ஓர் இடத்தில்கூடத் திக்க மாட்டேன்.

வாயும் கையும் அடங்காத உன் மகள்,
கோகிலா