செம்பை இடப்பக்கம் எழுதிவிட்டேன்

என் செல்லத் தம்பி சாமுவேலே,

தோற்றுவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? இன்டர்மீடியட்டில் மற்றதெல்லாம் தேறி, ரசாயனத்தில் மட்டும் போய்விட்டது. அப்பா படிப்பு போதும் என்றுவிட்டார். செப்டம்பரில் மறுபடி எழுத விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். நாளை மறுநாள் கடைசி நாள். மூன்று முறை தாளை நீட்டினேன். மூன்று முறையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நீ விஷக்காய்ச்சலில் போன பிறகு, நீ படித்த அதே நாகர்கோவில் கல்லூரியில் சேர எவ்வளவு மன்றாடினேன் தெரியுமா? வேதக்கோயில் உபதேசியார் மகள் ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பதா என்று சபையில் முணுமுணுத்தார்கள். அப்பா அதையும் தாங்கிக்கொண்டார். உன் புத்தகம், உன் மேசை, உன் விளக்கு என்று இரண்டு வருஷம் ஓடிற்று. இதுவும் போனால் உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

எப்படித் தோற்றேன் என்று கேள். செய்முறைப் பரீட்சையில் துத்தநாகத்தையும் செம்பையும் வைத்து மின்கலம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன், மீட்டர் ஊசியும் நகர்ந்தது. பிறகு அந்தக் கலத்தை ஒரே வரியில் குறியீடாக எழுத வேண்டும். உலோகம், ஒரு கோடு, அதன் கரைசல், நடுவில் இரட்டைக் கோடு, மற்றக் கரைசல், ஒரு கோடு, மற்ற உலோகம். கரைந்து தேய்கிறது இடப்பக்கம், வந்து படிகிறது வலப்பக்கம். நூறு தடவை எழுதியவள்தான். அன்று எது எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிற்று. நீ சொன்னது மட்டும் நினைவுக்கு வந்தது.

நீ கல்லூரிக்குப் போன வருஷம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் உன்னைக் கேள்வி கேட்பேனே, அப்போது சொன்னாய்.

"எக்கா, நம்ம கோயில நெனச்சுக்கோ. பொம்பளைய பக்கம் துத்தநாகம், ஆம்பளைய பக்கம் செம்பு. நடுவுல நடக்க வழிதான் ரெட்டைக் கோடு."

தேய்கிறது எப்போதும் நாங்கள்தானா என்று உன் தலையில் குட்டினேன்.

கண்ணை மூடிக் கோயிலை நினைத்தேன். பாயில் உட்கார்ந்து பிரசங்கபீடத்தைப் பார்க்கிற எனக்குப் பெண்கள் வலப்பக்கம், ஆண்கள் இடப்பக்கம். அப்படியே செம்பை இடப்பக்கம் எழுதினேன். வலப்பக்க மின்னழுத்தத்திலிருந்து இடப்பக்கத்ததைக் கழித்தால் விடை எதிர்மறையாக வந்தது. அப்படி வந்தால் கலம் தானாக ஓடாது என்று புத்தகத்தில் உண்டு. அதையும் எழுதி வைத்தேன். பரீட்சகர் தாளைப் பார்த்தார், என் மேசையைப் பார்த்தார்.

"ஊசி கண்ணு முன்னால ஓடுது. ஓடாதுண்ணு எழுதியிருக்கியளே?" என்றார்.

தோற்ற செய்தி வந்ததும் மூன்று வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். செத்தும் என்னைக் கெடுத்தாயே என்றுகூடச் சொன்னேன். நீ தப்பாகச் சொல்லித் தந்தாய் என்று அப்பாவிடமும் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

போன சனிக்கிழமை கோயில் பெருக்குகிற முறை எனக்கு. நீ போன பிறகு யாரும் தொடாத ஆர்மோனியத்தைத் துடைக்க உன் முக்காலியில் உட்கார்ந்தேன். பீடத்தின் அருகே சபையைப் பார்த்தபடி இருக்கிற இடம் அல்லவா அது? நிமிர்ந்தால் பெண்கள் பாய் என் இடப்பக்கம் கிடந்தது. ஞாயிறுதோறும் நீ கோயிலை இப்படித்தான் பார்த்திருக்கிறாய். உனக்குத் துத்தநாகம் இடப்பக்கம்தான்; நீ சொன்னது சரி, தம்பி. வெறும் கோயிலில் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு ஓடி, அவன் தப்பாகச் சொல்லவில்லை என்று அப்பாவிடம் விளக்கினேன். இனியாவது கையெழுத்துப் போடுங்கள் என்று காலைப் பிடித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ தோத்ததுனால இல்ல மக்களே. அந்த மேசையில குனிஞ்ச தலையப் பாத்தா அவன்னு நெனச்சிருதேன். தெனமும் அவன ஒருக்கா புதைக்க எனக்கு ஏலாது."

இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே, சாமுவேலே. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தானே அங்கே உட்கார்ந்தேன்? அப்பாவை என்ன பாடு படுத்தியிருக்கிறேன்?

நாளைக் காலையில் மேசையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவேன். என்னை மன்னித்துவிடு. அடுக்களை வாசலில் பாய் விரித்து, அப்பாவுக்கு என் முகம் தெரிகிறபடி உட்கார்ந்து படிப்பேன். பிறகு ஒரு முறை தாளை நீட்டுவேன். போடுவாரா? பயமாக இருக்கிறது. போடாவிட்டால் அடுத்த வருஷமும் நீட்டுவேன். உன் இடத்தை நிரப்புகிறேன் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். என் பெயரில், என் முகத்தோடு தேறுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

ஒரே வயிற்றில் உனக்கு முன்னே பிறந்து,
உனக்குப் பின்னே படிக்கப் போன உன் அக்கா,
ஞானசெல்வம்