சூர்யகலா தலைவரான வீட்டில்

2004 மே 18, செவ்வாய்

உப்பளத்தில் நல்ல வெயில். பாத்தியெல்லாம் உப்பு பூத்துக் கிடக்கிறது. அங்கே நான் மேஸ்திரி. இருசப்பன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வீட்டுக்கு வந்தால் வாசலில் ஏழெட்டுப் பெண்கள். கைப்பம்பில் தண்ணீர் கரிக்கிறதாம். "இன்னா விஷயம்?" என்று கேட்டேன்.

"உன்னாண்ட இல்லண்ணே. தலைவரம்மாவாண்ட சொல்லணும்."

தலைவரம்மா! ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் 2001-ல் என் மனைவியை நிறுத்தினேன். சூர்யகலா கையெழுத்துப் போடுவாள், காரியம் நான் பார்ப்பேன் என்றுதான் ஊரே நினைத்தது. முதல் வருஷம் அப்படித்தான் நடந்தது. பிறகு எப்போது மாறியது?

ஜூன் 9

யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் தட்சணாமூர்த்தி வந்திருந்தார். மழைக்கு முன்னால் ஏரியைத் தூர் வார வேண்டும், வரத்துக் கால்வாயை வெட்ட வேண்டும், அதுவரை தெருவுக்குத் தெரு முறை வைத்துக் குழாயைத் திறக்க வேண்டும். இரண்டு பேரும் வாசல் மண்ணில் குச்சியால் கோடு போட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் கடைக்குப் போய் டீ வாங்கி வந்தேன். என் வீட்டில் நான் டீ வாங்கி வருகிறேன்.

"மேடம் சொல்றது கரெக்ட்டுங்க." எத்தனை தரம் சொல்வான் அந்த ஆள்? அவளும் சிரிக்கிறாள்.

ஜூன் 10

கேட்டேவிட்டேன். "அந்தாளு கூட இன்னா அவ்ளோ சிரிப்பு?"

"ஏரியப் பத்திப் பேச நீங்க உக்காந்தா உங்க கூடவும் சிரிப்பேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 15

கிராம சபை. என் அண்ணன் கலியபெருமாளின் மோட்டார்தான் பேச்சு. கடலோரத்து மணல்மேட்டில் போர் போட்டு, லாரி லாரியாக ரிசார்ட்டுகளுக்குத் தண்ணீர் விற்கிறார். ஊர் பம்புகள் கரிப்பதற்கு அதுதான் காரணம் என்றாள் சூர்யகலா. "நல்ல தண்ணிய நாம உறிஞ்ச உறிஞ்ச, அந்த எடத்துக்குக் கடல் உள்ள வருதுங்க. மோட்டார நிறுத்தணும். ஊருத் தண்ணிய இனிமே யாரும் விக்கக் கூடாது." மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது.

நான் எழுந்துவிட்டேன். "ஆம்பளைங்க பொழப்புல கைவைக்காத. சொல்லிட்டேன்."

அண்ணனுக்காகவா எழுந்தேன்? இல்லை. ஊர்க் கண் முழுக்க அவள் மேல் இருந்தது. அதில் கொஞ்சமாவது என் பக்கம் திரும்பட்டுமே.

"உங்க கருத்தச் சொல்லிட்டீங்க. உக்காருங்க."

உட்காருங்களா! சபை முழுக்க அவள் பக்கம் கை தூக்கியது. எதிர்ப்புக்கு அண்ணன், நான், அண்ணனின் லாரி டிரைவர். மோட்டார் இன்றே நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 16

அவள் சோறு வைத்துவிட்டு ஊராட்சி ஆபீஸுக்குப் போய்விட்டாள். நான் தொடாமல் உப்பளத்துக்குப் போனேன்.

செப்டம்பர் 20

ஏரியில் தூர் வாருகிறார்கள். என் ஆட்களே லீவு கேட்கிறார்கள். "தலைவரம்மா கூப்ட்டாங்க மேஸ்திரி." கூலிக்கு ஆள் வைத்திருக்கும் நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அவள் ஒரு சத்தம் கொடுத்தால் ஊரே கூடையோடு ஓடுகிறது.

நான் போகவில்லை.

நவம்பர் 3

மழை. பாத்திகள் முழுகிவிட்டன, உப்பு வேலை இனி தைக்குத்தான். ஏரி தளும்புகிறது. பிள்ளைகள் கரையில் கூத்தாடுகிறார்கள். மழையைப் பார்த்தும் ஒருத்தனுக்கு வயிறு எரியுமா? எரிகிறது. அவள் கூப்பிட்டதும் அதுவும் வந்துவிட்டதே.

டிசம்பர் 28

கடல் உள்ளே வந்து போய் இரண்டு நாள். குப்பத்தில் பாதி வீடு இல்லை. எத்தனை பேரைத் தூக்கினோம்— எழுத வரவில்லை. குப்பத்துக் கிணறு, பம்பு எல்லாம் கடல் தண்ணீர். ஏரிக்கரைக் கிணறு ஒன்றுதான் குடிக்கும்படி இருக்கிறது.

தண்ணீர் முறையில் குப்பத்துக்குத்தான் முதல் இடம் என்று சூர்யகலா சொல்லிவிட்டாள். ஊருக்குள் முணுமுணுத்தார்கள். "நம்ம வூட்ல நேத்துத் தண்ணி மிச்சம் இருக்குது. அவங்களுக்குப் பானையே இல்ல" என்றாள். முணுமுணுத்தவர்களே குடத்தைப் பின்னால் நகர்த்தினார்கள்.

புருஷனைப் பறிகொடுத்த சாலம்மாளுக்கு நான்தான் குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு சூர்யகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேப்பர்காரன் ஒருத்தன் போட்டோ எடுக்க வந்தான். "சார், நீங்க கொஞ்சம் நகந்துக்குங்க."

நகர்ந்தேன். அத்தனை சாவுக்கு நடுவில் எனக்கு வலித்தது அதுதான். மனுஷனாடா நீ?

2005 மே 30

இந்தக் கோடையில் மேலத்தெரு பம்பில் கரிப்பு குறைந்திருக்கிறது. ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ரகசியமாக அடித்துக் குடித்துப் பார்த்தேன். உண்மைதான்.

2006 செப்டம்பர் 19

தலைவர் பதவி இந்த முறை பொதுவாகிவிட்டது. ஆம்பளையும் நிற்கலாம். அண்ணன் ஓடி வந்தார். "இப்ப நீயே நில்லுடா. மத்தத நான் பாத்துக்கறேன்."

சூர்யகலாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நில்லுங்க. வீடு வீடா நானும் வர்றேன்." என் மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று அவளும் மாற்று வேட்பாளராக மனு போடப் போகிறாள்.

அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விட்டுக்கொடுப்பதிலும் அவள்தான் ஜெயிக்க வேண்டுமா?

செப்டம்பர் 29

அண்ணன் வீட்டில் சாப்பாடு. மீன் குழம்பு. கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: "ஜெயிச்ச மறுநாளே மோட்டார மறுபடி போட்டுடலாம்டா. ஏரிதான் நெறஞ்சு கெடக்குதே. ஒரு மோட்டார்ல இன்னா ஆயிடும்?"

தலையாட்டிவிட்டு வந்தேன்.

வழியில் ஏரிக்கரைக் கிணற்றில் சாலம்மாள். "நீ வந்தாலும் எங்க தண்ணி முறைய மாத்த மாட்டியே தம்பி?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பதிலுக்காக நின்றாள். நான் சைக்கிளை மிதித்துவிட்டேன்.

செப்டம்பர் 30

வாபஸ் வாங்க இன்று கடைசி. யூனியன் ஆபீஸுக்குப் போய் என் மனுவை வாபஸ் வாங்கிவிட்டேன். அவளுடையது இருக்கிறது. "பொண்டாட்டிக்குப் பயந்துட்டான்" என்று டீக்கடையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும்.

அண்ணன், எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே மனு போட வைத்திருந்த தன் லாரி டிரைவரையே இப்போது நிறுத்தியிருக்கிறார்.

அக்டோபர் 18

சூர்யகலா ஜெயித்துவிட்டாள். பொதுத் தொகுதியில்.

தெருவில் வெடி. அவள் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். எனக்கு எரியவில்லை என்று எழுதினால் பொய். அந்த மாலை என் கழுத்துக்கு வந்திருக்க வேண்டியது.

கூட்டத்தை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். "ஏங்க வாபஸ் வாங்குனீங்க?" இத்தனை நாள் கேட்காதவள்.

"உப்பளத்துல வேல இருக்குது."

"ஐப்பசி மழையிலயா?"

மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "ஏரி மதகு கசியுதாம். இந்த மழையில உட்டா உடைச்சுக்கும். காலைல நான் பாக்கப் போறேன், நீங்களும் வர்றீங்களா?"

"வர்றேன்."

மண்வெட்டியின் காம்பு ஆடிக்கொண்டிருந்தது. ஆப்பு அடித்து இறுக்கி வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.