மாமியார் வளைவுல சரிஞ்ச மண்ணு

அன்னூர்ல இருக்கற என் ஊட்டுக்காரருக்கு, அரவேணு எஸ்டேட்ல இருந்து மயிலாத்தா கும்பிட்டு எழுதறேன். முழங்கால் வலி எப்படி இருக்குதுங்க? தைலத்தை மோந்து பாத்துட்டு அலமாரியில வெச்சிருப்பீங்க, தெரியும். நான் நல்லாத்தான் இருக்கறேன்.

காத்து மழைய மலையில நின்னு பாத்து ஆபீசுக்குப் போன்ல சொல்ற வேலைக்கு என்னையும் சேத்திருக்காங்கன்னு சொன்னேனில்லைங்க. என்ன பாத்தேன், எந்த எடம், எத்தனை மணி, அவ்வளவுதான் சொல்லோணும். போன வாரம் பேய்க்காத்தும் மழையும். ரோட்டு மேல மண்ணு சரிய ஆரம்பிச்சதப் பாத்ததும், "மாமியார் வளைவுல மண்ணு இறங்குது, ரோட்ட அடைங்க"ன்னு போன்ல கத்தினேன். அது உங்கம்மா ஞாபகமா நான் வெச்ச பேருங்க; இப்ப எஸ்டேட்டே அப்படித்தான் கூப்பிடுது. போன் எடுத்த புதுப் புள்ள, "அக்கா, லிஸ்ட்ல அப்படி எடமே இல்லீங்க, வளைவு நம்பர் சொல்லுங்க"ன்னுச்சு. எனக்கு நம்பர் ஞாபகத்துக்கே வரலைங்க. ரோட்டுக் கல்லுல பாக்கலாம்னு கீழ ஓடறதுக்குள்ள, டிரைவர் தினகரன் ஓட்டிட்டு வந்த தேயிலை வண்டி மேல மண்ணு விழுந்திருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல, கால்தான் ஒடஞ்சிருச்சு.

நேத்து அவனப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வாங்கக்கா, இந்தக் காலுக்கு என்ன பேரு வெக்கப் போறீங்க?"ன்னு சிரிக்கறான். ஒன்பதாம் நம்பர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் இன்னைக்கு நடந்துட்டிருப்பான்.

போன்ல சொன்னா அழுதுருவேன்னுதான் எழுதறேன். குளுருக்குப் போர்வை ஒண்ணு கொடுத்தனுப்புங்க. புதுசு வேண்டாம், நீங்க போத்திக்கற பச்சைப் போர்வையே போதும். வேலைக்குச் சங்கு ஊதிட்டாங்க, ஓடறேன்.

மயிலாத்தா