நேர்ந்துவிட்ட கால்

சேசு மரி சூசை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
14-4-1991

என் கண்ணான மகள் ஞானத்துக்கு,

அம்மா முத்தங்களோடு எழுதுவது. மாப்பிள்ளை பால்ராஜ் போட்ட கார்டு நேற்று கிடைத்தது. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஞானகுமாரி கம்பு இல்லாமல் நடக்கிறாள் என்று எழுதியிருந்தார். வாசித்த கையோடு கோயிலுக்கு ஓடினேன்.

பிப்ரவரியில் நீ ஃபாக்டரி வாசலில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாய் என்று தந்தி வந்ததே, அன்றைக்கு ராத்திரி நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும். முழந்தாளில் நின்று நேர்ந்துகொண்டேன். "வேளாங்கண்ணித் தாயே, என் பிள்ளை கம்பில்லாமல் நடந்துவிட்டால், செப்டம்பர் திருவிழாவுக்கு அவள் ஆவடியிலிருந்து உன் வாசல் வரைக்கும் நடந்தே வருவாள்" என்று. உடனே கேட்டுவிட்டாள் பார். மெட்ராஸிலிருந்து வருஷா வருஷம் காவி கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நடந்து போகிறதாமே. அவர்களோடு சேர்ந்துகொள். இப்போதே லீவு சொல்லி வை.

நான் வந்து பார்க்கவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் அண்ணிக்கு மாதம் நெருங்கியிருந்தது. போன வாரம் ஆண் குழந்தை பிறந்து இரண்டு பேரும் நலம். உன் அண்ணன் பிரகாசத்துக்குத் தலைகால் புரியவில்லை.

உன் அன்பு அம்மா,
சகாயம்மாள்

~

குவார்ட்டர்ஸ், ஆவடி
22-4-1991

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞானம் எழுதுவது. அண்ணனுக்கு மகன் பிறந்ததில் சந்தோஷம். அதற்கு மேல் நல்ல வார்த்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்மா, அது என் கால். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிடாவை நேர்ந்துவிடுகிற மாதிரி நேர்ந்துவிட்டிருக்கிறீர்களே! உங்கள் கடிதத்தை அவர் சத்தமாக வாசித்தபோது பக்கத்து வீட்டு நாகம்மாக்கா இருந்தாள். "இன்னா ஞானம், அந்தக் காலை வச்சிக்கினா வேளாங்கண்ணிக்கு நடந்து போவப் போற? உங்கம்மா கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைச்சிகினு கீறாங்களே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பில்லாமல் நடக்கிறேன் என்றால் அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும். அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. கட்டைப் பிரித்த அன்று காலைப் பார்த்துவிட்டு அழுதேன். கெண்டைச் சதை வற்றி, கணுக்கால் மரக்கட்டையாக இறுகி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது. அம்பத்தூரில் வசந்தகுமாரி என்று ஒரு பிசியோதெரபி பெண். "எலும்பு கூடிடுச்சு, ஆனா கணுக்கால் வேலையை மறந்துடுச்சு. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து திரும்ப சொல்லிக்கொடுக்கணும்" என்றாள்.

அந்த ஒண்ணாங்கிளாஸ் என்ன தெரியுமா? காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் துண்டை மாட்டி, இரண்டு கையாலும் என் பக்கம் இழுக்க வேண்டும். உயிர் போகும். பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுத வேண்டும். ஔ வருவதற்குள் வியர்த்துக் கொட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். சாயங்காலமானால் வீங்கும். அவர் தலையணை அடுக்கிக் காலை மேலே தூக்கி வைப்பார். வலி மறுநாள் காலையில் அடங்கியிருந்தால் செய்தது சரியான அளவு, அடங்காவிட்டால் நேற்றைக்கு அதிகம் செய்துவிட்டேன் என்று கணக்கு. இதை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நான் செய்கிறேன். நீங்கள் 'மாதா உடனே கேட்டுவிட்டாள்' என்று எழுதுகிறீர்கள்.

நாள் முழுக்க நின்று துணி வெட்டுகிற வேலை எனக்கு. லீவு தீர்ந்துவிட்டது. ஜூனில் நான் நிற்காவிட்டால் வேலை நிற்காது. அந்தக் கால் வேளாங்கண்ணிக்கு நடக்காது.

உங்கள் மகள்,
ஞானகுமாரி

~

சேசு மரி சூசை

மேட்டுப்பட்டி
5-5-1991

ஞானத்துக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதத்தை வாசித்தேன். உன் வயிற்றில் ஒரு பிள்ளை பிறந்து, அது விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்ளும்போது, 'ஐயா பிள்ளையே, நான் உனக்காக நேர்ந்துகொள்ளலாமா' என்று விண்ணப்பம் போட்டுக் கேட்டுவிட்டு நேர்ந்துகொள். நான் அப்படி வளரவில்லை. உனக்கு மூன்று வயதில் அம்மை வந்தபோதும் நான்தான் நேர்ந்தேன். உன் தலையைத்தான் மொட்டை அடித்தோம். அன்றைக்கு அது என் தலை என்று நீ சண்டைக்கு வரவில்லை.

காற்றில் அ, ஆ எழுதினால் எலும்பு கூடுமா? வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அப்படியானால் விழவே மாட்டார்கள். அந்தப் பெண் கெட்டிக்காரியாகவே இருக்கட்டும். அவளுக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது யார்? நம் தெருவில் நேர்ச்சையைச் செலுத்தாதவர்கள் பட்டது உனக்கே தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் கெஞ்ச வேண்டுமென்றால் கெஞ்சுகிறேன், கடனை வைக்காதே.

நான் வரவில்லை என்று நீ எழுதவில்லை. ஆனால் வரிக்கு வரி அதுதான் இருக்கிறது. கையில் பச்சைக் குழந்தையும் வீட்டில் பிள்ளை பெற்றவளுமாக நான் எப்படி ரயில் ஏறுவேன்? பெண்ணைப் பெற்றவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் குறைதான்.

அம்மா

~

ஆவடி
30-6-1991

அம்மாவுக்கு,

ஞானம் எழுதுவது. இந்த மாதம் பத்தாம் தேதி வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். காலையில் சங்கு ஊதும்போது உள்ளே போய், மேஜை ஓரத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறேன். மேஸ்திரி முறைக்கிறார். முறைக்கட்டும். இப்போது பல் விளக்கும்போது அந்த ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்க வருகிறது. கண்ணை மூடினால் இன்னும் சாய்கிறேன். ஒரு தடவை புரண்ட கணுக்கால் மறுபடியும் புரளப் பார்க்குமாம், இந்தப் பயிற்சியை விட்டுவிட்டால் வருஷம் முழுக்க அங்கங்கே விழுவேன் என்று வசந்தகுமாரி சொல்லியிருக்கிறாள். வேளாங்கண்ணி விஷயத்தைச் சொன்னேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா. இந்த வருஷம் நடந்தீங்கன்னா திரும்ப என்கிட்டதான் வருவீங்க" என்றாள்.

அதோடு விடவில்லை. நீங்கள் கடன், கடன் என்று எழுதியதிலிருந்து எனக்கும் தூக்கம் கெட்டுவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்காமல் முழுவதும் கேட்டார். "நேர்ச்சை யார் செய்தார்களோ அவர்களை மட்டும்தான் கட்டும். இன்னொருத்தர் காலை யாரும் நேர முடியாது. உங்கள் மேல் கடன் எதுவும் இல்லை" என்றார். திருச்சபைச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம். இதை நான் இட்டுக்கட்டவில்லை, உங்கள் ஊர்ச் சாமியாரையும் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே அம்மா, இனிமேல் நேர்ந்துகொண்டால் அவரவர் காலை நேர்ந்துகொள்வோம்.

ஞானகுமாரி

~

மேட்டுப்பட்டி
10-8-1991

ஞானத்துக்கு,

இங்கே சாமியாரைக் கேட்டேன். உங்கள் சாமியார் சொன்னதுதான் சரி என்றார். நேர்ந்தது நான். நடக்க வேண்டியதும் நான்.

இருபத்தாறாம் தேதி இங்கிருந்து நடைக்கூட்டம் கிளம்புகிறது. பேர் கொடுத்துவிட்டேன். திருச்சி, தஞ்சாவூர் வழி. நீ உன் வேலையைப் பார்.

அம்மா

~

ஆவடி
14-8-1991

அம்மா,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் உங்களை நடக்கச் சொன்னேனா? எனக்குக் கடன் இல்லை என்றுதானே எழுதினேன்! அறுபது வயதில், மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நீங்கள். என்னை ஜெயிப்பதற்காக நடக்கிறீர்கள். மாதாவுக்காக இல்லை. இது பக்தி இல்லை அம்மா, வீம்பு. கோபமாக வருகிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன். அண்ணன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? அவனுக்குத் தனியாக எழுதுகிறேன், நன்றாகக் கேட்டு எழுதுகிறேன்.

நீங்கள் நிற்க மாட்டீர்கள், தெரியும். அதனால் சொல்கிறேன், கேளுங்கள். ரப்பர் செருப்போடு போகாதீர்கள். அவர் உங்கள் அளவுக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறார். வெட்கப்படாமல் சேலைக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கப் பழகுங்கள். வழியில் கால் பிசகினால் யாரையும் தொட விடாதீர்கள். சுளுக்கு எடுக்கிறேன், நீவுகிறேன் என்று ஊருக்கு ஒருத்தர் வருவார். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், துணியால் கட்டுங்கள், காலை உயர வைத்துப் படுங்கள். ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பஸ் ஏறினால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். கேட்காவிட்டால் வெடித்துவிடுவேன். அண்ணன் பிள்ளைக்காக என்னைப் பார்க்க வர முடியவில்லை. இப்போது அதே பிள்ளையை விட்டுவிட்டு வேளாங்கண்ணிக்கு நடக்க முடிகிறது. நான் மாதாவை விடத் தூரத்திலா இருக்கிறேன்?

ஞானம்

~

சேசு மரி சூசை

வேளாங்கண்ணி
8-9-1991

என் செல்ல மகள் ஞானத்துக்கு,

அம்மா எழுதுவது. வந்து சேர்ந்துவிட்டேன். தேர் நேற்று ராத்திரி முடிந்தது, இன்று திருவிழாப் பூசை. கூட்டத்தில் மூச்சு விட இடமில்லை. தபாலாபீஸ் வாசலில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன். வீம்பு என்று எழுதினாயே. ஆமாம், வீம்புதான். கிளம்பும்போது உன் மேல் கோபம், பிரகாசத்தின் மேல் கோபம். "குழந்தையை யார் பார்ப்பது" என்று குதித்தான். அப்பனும் ஆயியும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மாப்பிள்ளையின் ஷூ நல்ல ஷூ. கூட வந்த பெண்கள் "என்ன சகாயம், போலீஸில் சேர்ந்துட்டியா" என்று கேலி செய்தார்கள். தஞ்சாவூரில் அவர்களுக்கெல்லாம் கொப்புளம், எனக்கு இல்லை.

திருச்சி தாண்டினபோதுதான் கால் பேச ஆரம்பித்தது. சாயங்காலம் வீங்கும். நீ எழுதினபடி பையின் மேல் காலைத் தூக்கி வைத்துப் படுப்பேன். காலையில் அடங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பேன். தங்கின இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். எல்லாரும் பார்த்தார்கள். உடையாத காலுக்கே இந்த வலி என்றால், உடைந்த காலை இழுத்து இழுத்துப் பழக்கினவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நடந்துகொண்டே நினைத்தேன். நான் 'உடனே கேட்டுவிட்டாள்' என்று எழுதியிருக்கக் கூடாது. நீடாமங்கலத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. திருவாரூர் வரைக்கும் லாரியில் வந்தேன். மாதாவிடம் சொல்லிவிட்டேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று காணிக்கை வாங்கக் கடைக்குப் போனேன். வெள்ளித் தகட்டில் கை, கால், கண் என்று செய்து விற்கிறார்கள். என் மகளுக்குக் கணுக்கால், ஒரு பாதம் கொடு என்றேன். கடைக்காரப் பையன் "வலதா இடதா பாட்டி" என்றான்.

எனக்குத் தெரியவில்லை ஞானம். அப்படியே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். அழுதேன், முழந்தாளில் நின்றேன், நேர்ந்தேன், உன்னோடு சண்டை போட்டேன், இத்தனை தூரம் நடந்தும் வந்தேன். எந்தக் கால் என்று உன்னை ஒரு தடவை கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை என்று அந்தப் பையனிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் வாங்கி மாதா காலடியில் வைத்தேன்.

கூட்டம் நாளைக் காலையில் திண்டுக்கல் பஸ் ஏறுகிறது. நான் அதில் போகவில்லை. மெட்ராஸ் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். எந்தக் கால் என்று பதில் எழுதிவிடாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
சகாயம்மாள்