எனக்குச் சேனை வைத்தது யார்?

சேர்வராயன் மலைவாழ் பெருமக்களுக்கும், மலைக்கும் மேலே போய்விட்ட என் அப்பாவுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: மூன்று நாளாகத் திறக்க மறுத்துவந்த தேன் பாட்டில், இன்று காலை கதவிடுக்கில் கொடுத்து ஒரே திருகில் என்னால் திறக்கப்பட்டது. மூடி மட்டும் கோணிவிட்டது. பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்.

திறந்ததும் தேன் வாசனை வரவில்லை அப்பா. உங்கள் ஜீப் வாசனைதான் வந்தது. மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஆள் ஏற்றிப் போன அந்த ஜீப்பில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில்தானே இதை வைத்திருந்தீர்கள்? பாதி தேன், பாதி டீசல்.

விஷயம் இதுதான். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகிறது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும், அதுதான் சேனை என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அக்கா என்னைத்தான் வைக்கச் சொன்னாள். “அப்பா வாயி உனக்கு வந்துச்சு. உன்ற வாயி இவளுக்கு வரட்டும்டா.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “உன் நாக்குல தேன் வெச்சாங்களா, தேள வெச்சாங்களா?” என்று கேட்ட தமிழய்யாவிடமே, “எங்கப்பா வெச்சதுங்கய்யா” என்று நெஞ்சை நிமிர்த்தியவன் அல்லவா நான்?

என் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அந்தக் கதையைச் சொன்னீர்கள். மழை. ஜீப்பின் மூக்கே தெரியாத பனி. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தீர்கள். நர்ஸம்மா என்னைக் கையில் கொடுத்தார். ஊரையே கூட்டிக் கத்திக்கொண்டிருந்த நான், நீங்கள் தேன் வைத்ததும் கப்பென்று வாயை மூடி, உங்களைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். வருஷம் ஆக ஆக என் எடை கூடியது, உங்கள் கதையில் பனியும் கூடியது. அது மூடுபனி இல்லை, மூடி மறைத்த பனி என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இந்தக் கதையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அம்மா பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “அன்னைக்கு உங்கப்பா அங்க எங்க கண்ணு இருந்தாரு? நாகலூருக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போனாரு. ரோட்டுல மரம் உழுந்து அந்தப் பக்கமே மாட்டிக்கிட்டாரு. மறுநா மத்தியானந்தான் வந்தாரு. சேனை வெச்சது உங்க மாமன்.”

“எந்த மாமா?”

“எனக்கு எத்தன அண்ணன் இருக்காங்க? இனிச் சொன்னா என்ன, உங்கப்பாதான் போயிட்டாரே.”

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மாமா! ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார், அதில் ரெண்டு ‘ம்’. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைப் பிடித்துக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“ஆமா சாமி. நாந்தான் வெச்சேன். மாப்ள வந்ததும் அதத்தான் கேட்டாரு. வெச்சாச்சுன்னேன். ஜீப்புல போயி உக்காந்துக்கிட்டாரு. நொம்ப நேரம் கழிச்சு வந்து, ‘பையன்கிட்ட நான் வெச்சதா சொல்லிக்கட்டுங்களா’ன்னாரு. சரின்னேன்.”

“பதினாறு வருஷமாவாங்க மாமா?”

“கேட்டாருல்ல.”

அவ்வளவுதான். அவர் பிரசங்கம் முடிந்தது.

எனக்குத்தான் ஒன்றும் முடியவில்லை அப்பா. சேனை நிஜமென்றால், நான் மாமாவைப் போல வாயில்லாப் பூச்சியாக அல்லவா இருக்க வேண்டும்? சேனை பொய்யென்றால், அந்தப் பொய்க்காகவா இன்னொரு பொய் சொன்னீர்கள்? ஜீப்பில் இருந்தவர்களை மழையில் விட்டுவிட்டு நடந்தாவது வந்திருக்கலாமே என்று கோபம் வருகிறது. விட்டுவிட்டு வந்திருந்தால் அது நீங்களா என்றும் தோன்றுகிறது. கடைசியில் நீங்களே அதை நம்பிவிட்டீர்களா? என் வாய் உங்கள் வாய் என்றுதானே நீங்கள் போன இந்தப் பதினோரு மாசமாகத் திரிந்தேன். இது யாருடையது?

இத்தனை குழப்பத்திலும் உங்கள் மகன் கலங்கவில்லை. ராஜநடை போட்டு உள்ளே போனேன். ஒரு சொட்டு தொட்டு வைத்தேன். குழந்தை சிரித்தது, வார்டே கைதட்டியது.

சரி, விடுங்கள். உங்களிடம் எதற்கு இந்த அளப்பு? வாசலிலேயே நர்ஸக்கா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். “ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவிர சொட்டுத் தண்ணி கூடக் கூடாது. தேனாம் தேனு!” கைதட்டல் எல்லாம் கிடையாது, திட்டுதான். “காதுலயாவது ஏதாச்சும் சொல்லுடா” என்று அக்கா பிள்ளையை மடியில் வைத்தாள். ஊர் வாயெல்லாம் அடக்கிய எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூக்கு வேறு ஒழுக ஆரம்பித்தது.

வேறெதுவும் வராமல், உங்கள் கதையைத்தான் சொன்னேன். “நான் பொறந்தன்னைக்கு உங்க தாத்தாதான் பக்கத்துல இருந்தாரு, கண்ணு. கொட்டுற மழையில வந்து, மொத மொதல்ல என்னயத் தூக்கி, அவருதான் சேனை வெச்சாரு.” பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஏன் என்று கேட்காதீர்கள், தெரியவில்லை.

நிமிர்ந்தால், கதவோரம் மாமா.

“ஆமா சாமி,” என்றார் குழந்தையிடம். “நான் பாத்தேன்.”