சிவப்புக் களிமண்ணில் எட்டுக் கோடுகள்

பிரேமன், ஜெர்மனி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மீனா,

நீயும் உன் வீட்டுக்காரர் சிவபாண்டி அண்ணனும் நலம்தானே? ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன், திட்டுவதென்றால் திட்டிக்கொள். விளாங்குடி முகவரியை நம் ஹாஸ்டல் பவதாரிணிதான் கொடுத்தாள்.

மதுரையில் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது நாம் படங்களில் வைத்து எண்ணினோமே, ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முன் பூமி சூடேறிய காலத்துக் கடலடிச் சிவப்புக் களிமண்! அதே காலத்து மண்ணை இப்போது வேறோர் இடத்தில் துளையிட்டு எடுத்திருக்கிறார்கள். பூமியின் அச்சு தள்ளாடுவதால் இருபத்தோராயிரம் வருஷத்துக்கு ஒரு கோடு அந்த மண்ணில் விழும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஐந்து கோடு என்றேன், நீ எட்டு என்றாய். எட்டுத்தான், மீனா. இங்கே மண் அடுக்கு நசுங்காமல் தடிமனாக இருப்பதால் பளிச்சென்று தெரிகிறது. அந்தச் சூடு தணிய ஒரு லட்சம் வருஷம் போதவில்லை. ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பக்கம் ஆகியிருக்கிறது.

புதுக் கட்டுரையில் உன் பெயரையும் சேர்க்கலாமா? தைக்கு நம் உசிலம்பட்டிக்கு வரும்போது உன்னைப் பார்க்கவும் ஆசை.

உன்,
சத்யா


விளாங்குடி, மதுரை
29 செப்டம்பர் 2024

அன்புச் சத்யா,

உன் கடிதத்தை இவரிடம் காட்டினேன். "எம்புட்டுப் பெரிய சங்கதி, இதுக்குப் போயி ஏன் அழுகுற?" என்றார்.

எண்ணிக்கை பிழை என்று சொல்லி நம் கைடு சார் என்னை ஆராய்ச்சியிலிருந்து நிறுத்தியபோது, என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். முடியாமல் கிடந்த அம்மாவைப் பார்க்க உசிலம்பட்டிக்கும் மதுரைக்குமாக பஸ்ஸில் அலைந்த அசதியில், இல்லாத கோட்டைப் பார்த்துவிட்டேன் என்று. மூன்று தடவை கண்ணைச் சோதித்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது சிம்மக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாளில் மார்க்கைக் கூட்டிவிட்டு, சீனியம்மாள் டீச்சரிடம் கொடுத்து இன்னொரு முறை கூட்டச் சொல்வேன். ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள்.

உன் மேல் குறையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோட்டை நீ எப்படி எண்ணியிருப்பாய்? தைக்கு அவசியம் வா.

அன்புடன்,
மீனா


பிரேமன்
20 அக்டோபர் 2024

மீனா,

அந்த மூன்று கோடும் எனக்கும் தெரிந்தது.

நீ ஊருக்குப் போயிருந்த அன்று தனியாக உட்கார்ந்து எண்ணினேன். மங்கல்தான், ஆனால் எட்டு வந்தது. ஐந்து என்று நான் எழுதிய கட்டுரை அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது. இந்த ஊர் வாய்ப்பும் அதை வைத்துத்தான். மறுநாள், மீனா ஏன் எட்டு என்கிறாள் என்று சார் கேட்டபோது, "மீனா அவங்க அம்மாவுக்கு முடியலைன்னு அலையுறா சார், அசதில எண்ணிருப்பா" என்றேன். உனக்குப் பரிந்து பேசுகிற மாதிரியேதான் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

உனக்கு வேறு நல்ல வேலை அமைந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். நீ உன் கண்ணையே சந்தேகப்படுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்கக் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

சத்யா


விளாங்குடி
24 நவம்பர் 2024

சத்யப்ரியாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

படிப்பு நின்றதைக்கூட மறந்துவிடலாம். அம்மா அந்த வருஷமே போய்விட்டாள். அவளைப் பார்க்க அலைந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று, செத்துப்போனவள் மேல் இத்தனை வருஷம் மனசுக்குள் கோபம் வைத்திருந்தேன். அவள் திதிக்குக்கூட முழு மனசாக உட்கார்ந்ததில்லை. அதற்கு நான் இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

கட்டுரையில் பெயரைப் போடு. ம. முத்துமீனா என்று முழுசாகப் போடு. எட்டு என்று முதலில் எண்ணியவள் நான்தான் என்றும் எழுது.

தைக்கு வர வேண்டாம். வந்தால் இவர் "வாங்க" என்று உட்காரச் சொல்வார். நானும் இலை போட்டுப் பரிமாறிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். அப்படி ஒன்று நடக்க வேண்டாம்.

முத்துமீனா