சந்திரமதி என்று எழுதிய ஃபில்டர்

லாயாங் லாயாங்
12.10.2024

அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு,

இங்கு நானும் மகளும் நலம். சிம்பாங் ரெங்கம் சிறைச் சோற்றைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து லோஷினி சிரித்தாள். என் ரசத்தையே குறை சொன்ன வாய்தானே, இப்போது நன்றாக அனுபவியுங்கள். லாரி ஓட்டும்போது கண் அசந்து ஓர் உயிர் போய்விட்டது, அதற்கு ஒன்றரை வருடம் அதிகமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். இரவில் மட்டும் தேறுவதில்லை.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் குளுவாங் டயாலிசிஸ் சென்டருக்கு வேன் வந்து கூட்டிப்போகிறது. உங்களிடம் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு முந்தின நாள், சென்டரில் ஒட்டிய லேபிளில் என் பெயர் தப்பாக இருக்கிறது என்று சண்டை போட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற என் ஃபில்டர் மேலேயே மார்க்கர் பேனாவால் ‘சந்திரமதி’ என்று தமிழில் எழுதினீர்களே, அதையேதான் இன்னும் போட்டுக்கொள்கிறேன். ஒருவருடைய ஃபில்டரை அவருக்கே கழுவிக் கழுவிப் போடுவார்கள், ஓர் அளவு தாண்டினால் வீசிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வீசுகிற நாள் வந்தபோது, கழுவுகிற செல்வாவிடம், “புதுசு போட்டா நெஞ்சு அடைக்குது தம்பி, இதையே வச்சிரு லா” என்று பொய் சொன்னேன்.

“அலமாக், அக்கா! சிஸ்டர் பார்த்தா என் வேலை போயிரும்” என்றான். ஆனாலும் வைத்திருக்கிறான். ரத்தம் ஓடி முடியும்வரை உங்கள் கோணல் எழுத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அதுதான் எனக்குத் துணை.

உடம்பு கொஞ்சம் அரிக்கிறது. வெயிலாக இருக்கும்.

உங்கள்
சந்திரா


சிம்பாங் ரெங்கம்
20.10.2024

அன்புச் சந்திராவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இங்கே படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நாள் பிடிக்கும்.

உனக்கென்ன பைத்தியமா? சிஸ்டர் சாந்தினி ஒரு ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிச் சொன்னது மறந்துவிட்டதா? “உள்ள இருக்கிற குழாயெல்லாம் தலைமுடி மாதிரிங்க அண்ணே. அதோட சவ்வு வழியாத்தான் ரத்தத்துல உள்ள விஷம் வெளியேறணும். சவ்வு அடைச்சிக்கிட்டா மிஷின் பாட்டுக்கு ஓடும், ரத்தம் சுத்தமாகாது” என்றாளே. நீ தலையை ஆட்டினாய், கேட்டவன் நான்.

அரிப்பு வெயிலால் இல்லை. உனக்கு நோய் இருப்பது தெரிவதற்கு முன்னாலும் இப்படித்தான் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றாய். எனக்குப் பயமாக இருக்கிறது சந்திரா. சிறை அதிகாரியிடம் சொல்லிச் சென்டருக்கு போன் போடச் சொல்லலாம். செல்வாவின் பிழைப்பு போய்விடுமே என்றுதான் தயங்குகிறேன். நீயே சிஸ்டரிடம் சொல்லி, அந்தச் சனியனைத் தூக்கி வீசு. கால் வீங்கியிருக்கிறதா? மறைக்காமல் எழுது.

உன்
காளியப்பன்


லாயாங் லாயாங்
2.11.2024

அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு,

உங்கள் கோபமான கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. நல்ல பலகாரம் அனுப்பினீர்கள்! கையால் எழுதிக் கொடுத்ததைச் சனியன் என்கிறீர்கள். மார்க்கர் மங்கிக்கொண்டே வருகிறது, கடைசி இரண்டு எழுத்தும் போய்விட்டன. முழுவதும் அழியட்டும், நானே வீசச் சொல்கிறேன்.

கால் வீங்கியிருக்கிறது, மறைக்கவில்லை. அதனால்தான் உங்களைப் பார்க்க வரவில்லை. படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குகிறேன். காப்பி, முறுக்கு எல்லாமே இரும்பை நக்கினதுபோல் இருக்கின்றன. தீபாவளி வியாழக்கிழமை வந்ததால் சென்டருக்குப் போகவில்லை. லோஷினி சத்தம் போட்டாள், நல்ல நாளில் ஊசி வேண்டாம் என்று அடக்கிவிட்டேன். அவள் நேற்றே வேலைக்குத் திரும்பிவிட்டாள். இன்றைக்கும் வேன் வந்தது, எழுந்து நிற்க முடியாமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு நல்ல சேதி. இரண்டு நாளாக அரிப்பே தெரியவில்லை. பகலெல்லாம் தூக்கம், அப்படி ஒரு தூக்கம். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை கண் மூடிவிட்டது. உங்களுக்கு ஸ்டியரிங்கில் எப்படித் தூக்கம் வந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. பாவம் நீங்கள்.

செவ்வாய்க்கிழமை கட்டாயம் போகிறேன். சிஸ்டரிடமும் சொல்லிவிடுகிறேன். இனி கோபிக்காதீர்கள்.

உங்கள் சந்


சிம்பாங் ரெங்கம்
8.11.2024

அன்புச் சந்திராவுக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. பெயரைக்கூட முழுதாகப் போடாமல் தூங்கிவிட்டாயா? தொடர்ந்து இரண்டு முறை போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? செவ்வாய்க்கிழமையாவது போனாயா? செல்வாவுக்கு வேறு வேலை கிடைக்கும். ஓடிப்போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சென்டருக்கு போன் போடுகிறேன் என்றார்.

அழிந்துபோன எழுத்துக்கா இத்தனை பிடிவாதம்? கேட்டால் எழுதித் தரமாட்டேனா? தாள் வாங்கி, ‘சந்திரமதி’ என்று எழுதி எழுதிச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் இந்த உறையில் வைக்கிறேன். ஒவ்வொரு புது ஃபில்டருக்கும் ஒன்றை ஒட்டிக்கொள். நான் வெளியே வரும்வரை போதும், பிறகு நானே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ சொன்ன கோணல் இப்போது இல்லை, பார்.

இரு, அதிகாரி கூப்பிடுகிறார். போன் போட்டுவிட்டார் போலிருக்கிறது.

சந்திரா, லோஷினி வந்திருக்கிறாளாம். இன்று பார்வையாளர் நாளே இல்லை, அவளுக்கும் வேலை நாள். “உள்ளே விடச் சொல்லிவிட்டேன்” என்கிறார். உன்னையும் கூட்டி வந்திருக்கிறாளா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தனியாகத்தான் வந்திருக்கிறாள் என்றார். கால் வீக்கத்தில் நீ எங்கே வருவாய்.

உறையை ஒட்டவில்லை, அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். தபாலில் போட்டால் நாளாகும்.

உன்
காளியப்பன்